மரையும் முறுக்கும்

புத்தி பிசகியவரைத் தமிழில் ‘மரை கழன்றவர்’ என்கிறோம். வசவுதான் என்றாலும் அதற்குள் ஒரு பட்டறை ஞானம் ஒளிந்திருக்கிறது. உறுப்பு எதுவும் உடைந்துவிடவில்லை, உறுப்புகளைச் சேர்த்துப் பிடித்திருந்த பிடிமானம்தான் போயிற்று என்கிறது அந்தத் தொடர். எங்கள் இருவரில் ஒருவர் கோவையில் லேத் பட்டறை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் தமிழிலக்கியம் படித்தவர். இரும்போடு அவருக்கிருந்த உறவு பேனா முள்ளோடு முடிந்துபோனது. திருமணமாகி இருபது ஆண்டுகளில் எங்களுக்கிடையே அதிகம் கைமாறிய சொற்களில் ‘மரை’யும் ஒன்று என்றால் நம்புவீர்களோ என்னவோ.

இங்கே சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட மரையைப் பற்றி. விட்டம் 27 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 16 சுற்று. ரெமிங்டன் 700 என்னும் துப்பாக்கியின் உடற்பகுதியில், குழல் வந்து பூட்டிக்கொள்ளும் வாயில் வெட்டப்பட்டிருக்கும் மரை அது. சென்ற ஆண்டுக் கோடையில் மூன்று வாரக் கடைசிகளை நாங்கள் அந்த மரையோடு கழித்தோம்.

துப்பாக்கியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது பலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவோம். எங்களுக்கே அது அத்தனை உவப்பானதன்று. ஊரில் இருந்தவரை நாங்கள் பார்த்த துப்பாக்கியெல்லாம் வங்கி வாசலில் முக்காலியில் அமர்ந்திருக்கும் காவலரின் மடியில் கிடந்த இரட்டைக்குழல்தான். இங்கே ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரில், எங்கள் மகள் படிக்கும் பள்ளியில் கதவைத் தாழிட்டு விளக்கை அணைத்துச் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் ஒத்திகை நடக்கிறது. எதற்கான ஒத்திகை என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் துப்பாக்கி வாங்கியதில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. அப்படியிருந்தும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கேட்டபோது சரியென்றோம். அதற்கான காரணத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பெரியவருக்கு வயது எழுபத்தாறு. கடைசல் இயந்திரத்தில் நாற்பதாண்டுகள் நின்று ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து வெகுகாலமாகிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், விடிவதற்குள் எங்கள் வாசல் பாதையின் பனியை வழித்துவிட்டு, நன்றி சொல்லக்கூட அகப்படாமல் உள்ளே போய்விட்ட மனிதர். அவர் வேட்டைக்காரர் அல்லர். இலக்குத் தாளைச் சுடுகிறவர். 600 கஜம், அதாவது அரைக் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் நிற்கும் ஒரு தாளில், முந்தைய துளைக்கு எவ்வளவு அருகில் அடுத்த துளையை இடுவது என்பதே நாற்பதாண்டுகளாக அவருடைய ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. எங்களுக்கு அது வீணையைச் சுருதி சேர்த்துச் சேர்த்து ஒருநாளும் கச்சேரிக்குப் போகாதவரின் பித்தாகப்பட்டது. அந்தப் பித்து எங்களுக்குப் புரியாததன்று. ஒரு கவிதைக்காக இருபது நாள் ஒரு சொல்லைத் தேடியவர்கள் இந்தப் பக்கங்களிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாண்டுகளுக்கு முன்பு அவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. பத்துப் பவுண்டுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் ஆணை. அவருடைய துப்பாக்கியோ, தாங்குகால் நீங்கலாகவே, 13 பவுண்டு 2 அவுன்ஸ். சுடுகளத்தில் தூக்கிக் கொடுக்க ஆளில்லாமல் இல்லை. அவருக்குப் பாதி வயதுள்ள நாலு பேர் போட்டிபோட்டுக்கொண்டு வருவார்கள். அதுதான் அவருக்கு ஒவ்வாதது. “அதை நானே எடுத்துப்போக முடிகிற வரைதான் சுடுவேன். யாரோ கொண்டுவந்து வைக்க, நான் படுத்துக்கொண்டு விசையை மட்டும் இழுப்பது எனக்குச் சரிப்படாது,” என்றார். சொன்ன தொனியில் புகார் ஏதுமில்லை. கடைக்கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் நான்கு பெற்றோரும் இருப்பது எட்டாயிரம் மைல்களுக்கு அப்பால். அவர்களில் யார் எந்த நாளில் எதைத் தூக்க முடியாமல் கீழே வைத்தார்கள் என்பது எங்களுக்குத் தொலைபேசியில் தெரியவந்ததேயில்லை.

எடையைக் குறைக்க வழி ஒன்றுதான். கனத்த எஃகுக் குழலைக் கழற்றிவிட்டுக் கரியிழைக் குழலைப் பொருத்துவது. தன் கைகள் அளவு பார்க்கும், ஆனால் இழுக்காது என்பதால் அவருக்கு இரண்டு கைகள் தேவைப்பட்டன. எங்களில் பட்டறை வீட்டில் பிறந்தவரை அவர் முன்பே அடையாளம் கண்டு வைத்திருந்தார். ஒருமுறை எங்கள் புல்வெட்டியின் நட்டை இறுக்கும்போது, இறுக்கிய கை கடைசிக் கால் சுற்றில் நின்று யோசித்ததை வேலிக்கு மேலாகப் பார்த்தாராம்.

*

ரெமிங்டன் 700 வந்தது 1962இல். அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவு 1966இல் தன் குறிசுடுநர்களுக்காக எடுத்துக்கொண்ட எம்40 துப்பாக்கியின் அடிப்படையும் இதுவே. வியட்நாமில் அது என்ன செய்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த நிழல் இல்லாததுபோலவும் எழுத முடியாது. பெரியவரும் அப்படிப் பேசுபவரல்லர். நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்னும் சிற்றூரில் இருந்த அதன் ஆலை 2024இல் மூடப்பட்டுவிட்டது. 1816இல் எலிஃபலெட் ரெமிங்டன் தொடங்கிய தொழிலின் வேர் அந்த ஊர். நிறுவனம் 2018இலும் 2020இலும் திவாலாகிக் கூறுகூறாக விற்கப்பட்டது. பெரியவரின் துப்பாக்கி 1970களில் அங்கே செய்யப்பட்டது. அதைச் செய்த வாசற்படி இன்று இல்லை.

இந்தத் துப்பாக்கியின் கட்டமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. பின்னால் ஓர் உருளை உடல். ஆங்கிலத்தில் ரிசீவர் என்பார்கள். அதற்குள் முன்னும் பின்னும் ஓடித் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் ஒரு தாழ். ‘போல்ட்’ என்பதற்குத் தாழ் என்ற சொல் இத்தனை பொருத்தமாக அமையும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. முன்னால் குழல். குழலுக்கும் உடலுக்கும் நடுவே, இரண்டும் சேர்ந்து நெருக்கிப் பிடிக்கும்படி ஒரு தடித்த தகடு. சுடும்போது பின்னோக்கி வரும் உதையை வாங்கி மரக்கட்டைக்குக் கடத்துவது அந்தத் தகட்டின் வேலை. வேறு சில துப்பாக்கிகளில் இது உடலோடு ஒன்றாகவே இருக்கும். இதில் தனித்தகடு. குழலை முறுக்கும்போது கூடவே சுற்றிக்கொண்டு கோணலாக நிற்கப் பார்க்கும். பழைய ரெமிங்டனில் கை வைத்தவர்கள் அனைவரும் இதைச் சபித்திருப்பார்கள்.

சட்டமும் இந்த உடலைத்தான் துப்பாக்கி என்கிறது. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ரிசீவரே துப்பாக்கி. தொடர் எண் பொறிக்கப்படுவது அதில்தான். குழல் வெறும் உதிரிபாகம். வீட்டு வாசலுக்கு அஞ்சலில் வந்து இறங்கும், எங்கள் மகளுக்கு வரும் பாடப்புத்தகம் போல. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உதிரிபாகங்களும் ஆயுதம் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே அடங்கும். இரண்டில் எது சரி என்பது சட்ட அறிஞர்களின் வாதம். எங்களைத் தொட்டது வேறு. எல்லாப் பலகைகளையும் மாற்றிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்ட கேள்விக்கு ஒரு நாட்டின் நாடாளுமன்றம் இவ்வளவு திட்டவட்டமாகப் பதில் எழுதிவைத்திருக்கிறதே என்பதுதான். பெரியவரின் கணக்கில் இது மூன்றாவது குழல். ஆலை தந்த முதல் குழல் தேய்ந்து, 1980களில் ஒரு பட்டறையில் பொருத்தியது இரண்டாவது. மரக்கட்டையும் ஒருமுறை மாறியிருக்கிறது. “ஆனால் எண் அதே எண்,” என்றார், எங்கள் கேள்வியில் இருந்த தத்துவத்தைச் சற்றும் மதிக்காமல்.

*

கரியிழைக் குழல் என்றதும் முழுவதும் கரியாலானது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படியன்று. உள்ளே மெலிதாகக் கடைந்த துருவேறா எஃகுக் குழல் ஒன்று இருக்கிறது. குண்டு உரசிச் செல்வது அதில்தான். அதன்மேல் பிசினில் தோய்த்த கரியிழையைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்குகிறார்கள். பின்முனையில் மரையை ஒட்டிச் சிறிது தூரமும், முன்முனையில் கொஞ்சமும் எஃகு வெளித்தெரியும். யூட்டா மாநிலத்தின் கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ் 1995இல் இருந்து இத்தகைய குழல்களைச் செய்துவருகிறது. மொன்டானாவின் கொலம்பியா ஃபால்ஸ் ஊரில் இயங்கும் ப்ரூஃப் ரிசர்ச் இன்னொரு பெயர் பெற்ற நிறுவனம். ஒத்த பருமனுள்ள எஃகுக் குழலோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறையப் பாதி.

இப்பொருளின் வரலாறு தனிக்கட்டுரைக்குரியது. எடிசன் மூங்கில் நாரைக் கரியாக்கி விளக்கு இழை செய்ததும் ஒருவகையில் கரியிழைதான். இன்று நாம் அறியும் வலிமைமிக்க இழைகளுக்கு வழிகாட்டியது 1958இல் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேகன் செய்த பணி. பின்னர் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தது. எங்களுக்கு மிகவும் பயன்பட்டது அதன் தோல்விக் கதை. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி211 விமான எந்திரத்தின் முன்விசிறி இதழ்களைக் கரியிழையால் செய்து பார்த்தது. எடை குறைந்தது, வலிமை இருந்தது, எல்லாம் இருந்தது. பறவை மோதும் சோதனையில் இதழ்கள் தாங்கவில்லை. டைட்டேனியத்துக்குத் திரும்பினார்கள். அந்த எந்திரத்தின் செலவே பெரும்பங்காக, 1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. இழை தன் நீளவாக்கில் இழுபடுவதை எஃகைவிட நன்றாகத் தாங்கும்; பக்கவாட்டில் வரும் அடியையும் நசுக்கலையும் அப்படித் தாங்காது. பிசின் வெடிக்கும், அடுக்குகள் பிரியும், வெளியே பார்த்தால் தெரியாமலும் இருக்கும்.

எஃகுக் குழலை வைஸில் கடித்துப் பிடித்து முறுக்கிய தலைமுறையின் கைகளுக்கு இது புதுப்பாடம். கரியிழைப் பகுதியை வைஸின் தாடைகள் தொடவே கூடாது. பிடிக்க வேண்டுமானால் பின்முனையில் வெளித்தெரியும் அந்தச் சிறு எஃகுப் பகுதியில் பிடிக்க வேண்டும். இல்லையேல் குழலைப் பிடிக்கவே தேவையில்லாத முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெரியவர் பின்னதைத் தேர்ந்தார்.

விளம்பரங்கள் சொல்லும் மற்றொன்றையும் சொல்லிவிடலாம். கரியிழைக் குழல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பார்கள். கை வைத்துப் பார்த்தால் சூடு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் போர்வைக்கு வெளியே கைவைத்து உள்ளே இருப்பவருக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்வது போன்றது அது. பிசின் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். எங்கள் அபிப்பிராயத்தில் இந்தக் குழலின் மெய்யான கொடை எடைக் குறைவும், அந்த எடைக்கு அது தரும் விறைப்பும்தான். பெரியவருக்குத் தேவைப்பட்டதும் அதுவே.

*

பழைய குழல் எளிதில் கழலவில்லை. தோட்டா இல்லை என்பதை மூவரும் தனித்தனியே பார்த்து உறுதிசெய்துகொண்டு, தாழை உருவி, தொலைநோக்கியையும் கட்டையையும் பிரித்தெடுத்த பிறகு, குழலை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ரோசனப்பொடி தூவிப் பிடித்தோம். பிடிலின் வில்லுக்குத் தடவும் அதே ரோசனம்தான், நழுவாமலிருக்க. உடலுக்கு உரிய பெரிய ரெஞ்சைப் பொருத்தி, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தோம். மறுநாள் காலை இருவரும் சேர்ந்து தொங்கியபோது கொட்டகையில் ஒரு ‘டக்’. நாற்பதாண்டுப் பிடி விட்டது. பெரியவர் அப்போது எங்களைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த அரங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் அதிக நேரம் செலவிட்டது துடைப்பதில். வாசகர்கள் ஏமாறலாம், ஆனால் இந்த வேலையில் முக்கால் பங்கு துடைப்பதுதான். உடலின் மரைகளைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, கரைப்பான் விட்டு, துணியில் கறுப்பு வராத வரையில் திரும்பத் திரும்ப. பிறகு உடலின் முகப்பு. குழலோ நட்டோ வந்து தகட்டோடு அமரும் அந்த வளைய முகம் மரையின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆலையிலிருந்து வந்த பழைய உடல்களில் பல அப்படி இருப்பதில்லை. இதில் 1980களின் பட்டறைக்காரர் முன்பே சரிசெய்திருந்தார். நீல மை தடவித் தகட்டை வைத்து எடுத்தபோது வளையம் முழுதும் சீராகப் படிந்திருந்தது. ஊர் பேர் தெரியாத அந்த மனிதரை எங்களில் பட்டறை வீட்டுக்காரர் மனமாரப் பாராட்டினார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைச் சந்திப்பது இப்படியும் நிகழ்கிறது.

இனி அளவு. தோட்டா அறைக்குள் போய்த் தாழ் பூட்டிக்கொண்டபின், தோட்டாவுக்கும் தாழின் முகத்துக்கும் எவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்பதே குழல் மாற்றுவதில் உயிர்நிலை. இந்தத் துப்பாக்கியின் தோட்டா .308 வின்செஸ்டர், 1952இல் வந்தது. அது வெடிக்கும்போது அறைக்குள் உருவாகும் அழுத்தத்துக்கான அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கார் சக்கரத்தில் இருப்பது முப்பத்துச் சொச்சம். அந்த அழுத்தத்தை முகத்துக்கு நேரே தடுத்து நிற்பது மெல்லிய பித்தளைக் கூடும் அதன் பின்னால் இருக்கும் தாழும். இடம் அதிகமாகிவிட்டால் பித்தளை நீண்டு அடிப்பக்கம் கிழியும். குறைவானால் தாழ் பூட்டாது.

இதற்கு இரண்டு கேஜ்கள் உண்டு. மெருகேற்றிய எஃகுத் தோட்டாக்கள் என்று சொல்லலாம். ஒன்று ‘கோ’, 1.630 அங்குலம், தாழ் அதன்மேல் பூட்ட வேண்டும். மற்றது ‘நோ-கோ’, 1.634 அங்குலம், பூட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஆயிரத்தில் நான்கு அங்குலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் இடம். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே ஒரு தலைமயிரின் பருமனுக்குச் சற்று மேல். உரை எழுதுவோர் ஒரு சொல்லுக்கு ஏழு பொருள் கூறும் மரபில் வளர்ந்த எங்களில் ஒருவருக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

பழைய ரெமிங்டன்களின் உடல்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதால், கணினி அளவில் முன்கூட்டியே வெட்டிய தோள் உள்ள குழலை வாங்கி நேரே முறுக்கிவிட முடியாது. அதற்குப் பழைய மாற்றொன்று உண்டு. சாவேஜ் நிறுவனத்துக்காக நிக்கலஸ் புரூவர் வடிவமைத்து 1958இல் வந்த 110 என்ற துப்பாக்கியில் குழலைத் தோளால் நிறுத்தாமல், ஒரு நட்டால் எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தினார்கள். செலவைக் குறைக்கக் கண்ட உபாயம். சிக்கனமாகத் தோன்றியது பின்னாளில் நேர்த்திக்கும் வழியாயிற்று. அந்த நட்டு முறையையே இப்போது பலர் ரெமிங்டனுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். குழலில் நட்டு, அதன்பின் உதைத் தகடு, பிறகு உடல். மரையில் பசைமசகு தடவினோம். தாழிலிருந்து ஊசியையும் தள்ளுவில்லையும் கழற்றிவிட்டார் பெரியவர். வில்லின் அழுத்தம் இருந்தால் விரலுக்கு உண்மை தெரியாது. ‘கோ’ கேஜை வைத்துத் தாழைப் பூட்டி, குழலைக் கையால் திருகினோம். தொட்டுக்கொள்ளும் இடம் விரலுக்குத் தெரிகிறது. மோதி நிற்பது போலில்லை. ஒருவர் அறைக்குள் வந்து நின்றதைத் திரும்பிப் பார்க்காமலே உணர்கிறோமே, அது போல.

அங்கே நிறுத்தி, தகட்டை நேராக்கும் சட்டத்தைப் பூட்டி, நட்டை இறுக்க வேண்டும். எவ்வளவு?

பெரியவருக்கும் எங்களில் ஒருவருக்கும் அன்று மாலை வரை நடந்த விவாதம் இதைப் பற்றியே. கேட்டவர்களில் ஒருவர் 50 ஃபுட்-பவுண்டு என்றிருந்தார், ஒருவர் 100 என்றிருந்தார். கோவைப் பட்டறைகளில் டார்க் ரெஞ்ச் இல்லாத காலத்தில் வளர்ந்த கை, “எண்ணில் என்ன இருக்கிறது, கை சொல்லும்,” என்றது. அந்தக் கூற்றுக்கு இயற்பியலும் ஓரளவு சாட்சி. முறுக்குக்குக் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு என்றே பொதுவாகச் சொல்வார்கள், உரசலில் போய்விடுகிறது. பாதியளவு நட்டின் முகத்தில், மிச்சம் மரையில். எஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் பாகங்களை இழுத்து நெருக்கிப் பிடிக்கிறது. ஆகவே மசகு இருந்ததா, அழுக்கு இருந்ததா என்பதைப் பொறுத்து அதே 60 இரண்டு வெவ்வேறு பிடிகளைத் தரும். ரெஞ்சின் முள் காட்டுவது நாம் பட்ட பாட்டை. பாகங்களுக்கு நடுவே ஏற்பட்ட பிடியை அன்று.

பெரியவர் இதை மறுக்கவில்லை. “அதனால்தான் துடைத்தோம்,” என்றார். உரசல் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருந்தால் எண்ணும் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லும். அடுத்த குழல் மாற்றுபவருக்கு அது உதவும். குழலை வெடிப்புக்கு எதிராகத் தாங்குவது மரைகளே, முறுக்கு அன்று. முறுக்கின் வேலை அசையாமல் வைத்திருப்பது மட்டும். அதிலும் வலப்புறம் சுழலும் வரிகளுள்ள குழலில் குண்டு சுழன்று செல்லும்போது எழும் எதிர்முறுக்கு, மரையை இறுக்கும் திசையிலேயே அமைகிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் மெல்லிய உடலின் வளையம்தான் வருந்தும். அவர் 60 என்று முடிவுசெய்தார். நட்டு ரெஞ்சை டார்க் ரெஞ்சின் தலையில் நேர்கோட்டில் பூட்டாமல் செங்கோணத்தில் பூட்டச் சொன்னார். நேர்கோட்டில் பூட்டினால் கைப்பிடியின் நீளம் கூடி, முள் 60 காட்டும்போது நட்டுக்கு அதைவிட அதிகம் போய்விடும். இழுத்தது எங்கள் கை. ‘க்ளிக்’ என்றதும் அவர் உள்ளங்கையை உயர்த்தினார், கச்சேரியில் தாளம் போடுபவர் போல.

நட்டை இறுக்கும்போது மரையின் தளர்வு எடுபட்டுக் குழல் இம்மியளவு முன்னே நகரும். எனவே மறுபடி கேஜ். ‘கோ’வில் தாழ் எண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிப் பூட்டியது. ‘நோ-கோ’வில் பாதி வழியில் நின்றுவிட்டது. பெரியவர் மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு எங்களிடம் கொடுத்தார். இலக்கியம் படித்தவரும் செய்து பார்த்தார், நின்றது. நட்டுக்கும் குழலுக்கும் குறுக்கே ஒரு கூரிய ஊசியால் மெல்லிய கோடு ஒன்று கிழித்தார். நட்டு அசைந்தால் கோடு முறியும்.

*

கட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதுக் குழல் முன்பக்கம் பருமன் கூடியது என்பதால் மரத்தின் வாய்க்காலை உருண்டைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி அகலப்படுத்தினோம். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு டாலர் தாள் தடையின்றிப் போய்வர வேண்டும். கட்டையைப் பிணைக்கும் திருகுகளுக்கு அளவு இஞ்ச்-பவுண்டில். இஞ்சும் ஃபுட்டும் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. பெரியவர் அந்த இரண்டு ரெஞ்சுகளையும் ஒரே இழுப்பறையில் வைப்பதில்லை. நகரில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர் ஒருவரிடம் காட்டி, அவரும் தம் கேஜ்களால் பார்த்த பிறகே தோட்டா வாங்கினார்.

எடை: 9 பவுண்டு 15 அவுன்ஸ்.

எடை போனால் உதை கூடும். உந்தம் அதேதான், துப்பாக்கி இலேசானால் தோளில் வந்து சேரும் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். முதுகுக்காகக் குறைத்ததைத் தோள் கட்டியது. இலக்குத் தாள் சுடுகிறவர்களுக்குக் கனம் பகையன்று, துணை. அவர் சுடும் போட்டி வகையான எஃப்-கிளாஸில் .308 பிரிவுக்கு 8.25 கிலோ வரை அனுமதி உண்டு. பெரும்பாலோர் அந்த எல்லையை ஒட்டியே கொண்டுவருவார்கள். அந்த வகையே கனடாவின் ஜார்ஜ் ஃபர்குஹர்சன், கண்ணும் கையும் முதுமையில் தளர்ந்தவர்கள் தொலைநோக்கியும் தாங்கலும் வைத்துக்கொண்டு தொடர்ந்து சுடலாம் என்று தொடங்கிவைத்தது. அவர் பெயரின் முதலெழுத்தே எஃப். இலேசான துப்பாக்கியோடு அங்கே போவதென்றால் புள்ளிகள் குறையும் என்பது பெரியவருக்குத் தெரியும். அவர் அதைக் கணக்கிட்டு முடித்திருந்தார் என்பது எங்களுக்குச் சுடுகளத்துக்குப் போன அன்றுதான் புரிந்தது.

செப்டம்பர் மாதக் காலை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சுடும் மேடைவரை நூற்றைம்பது அடி இருக்கும், சரளைக் கல் பாதை. உறையை இடத்தோளில் மாட்டிக்கொண்டு, வலக்கையில் தோட்டாப் பெட்டியின்றி வெறுங்கையோடு நடந்தார். பெட்டி எங்களிடம் இருந்தது. அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. வழக்கமாக ஓடிவரும் இளைஞர்களில் ஒருவர் எழுந்து, இரண்டடி வைத்து, நின்றுவிட்டார். பெரியவர் நடுவில் ஒருமுறை நின்றார். மலைச்சரிவின் புல் அசைவதைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று சொன்னார். பிறகு நடந்தார்.

அன்று சுட்டது இருபது. புதுக் குழல் என்பதால் ஒவ்வொரு சில தோட்டாக்களுக்கும் துடைத்துத் துடைத்துச் சுட்டார். கடைசி ஐந்தும் 600 கஜத்தில் ஓர் இட்டிலித் தட்டின் குழியளவுக்குள் அடங்கின. பழைய குழலில் இதைவிடச் சிறிதாக வரும் என்றார். காலிக் கூடுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் நகத்தால் தடவிப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, பையில் போட்டார். பிறகு துப்பாக்கியைக் கட்டையிலிருந்து பிரிக்காமலே பக்கவாட்டில் சாய்த்து, நட்டின் மேல் கிழித்த கோட்டைப் பார்க்கச் சொன்னார். அவருக்குக் கண்ணாடி வண்டியில் இருந்தது. நாங்கள் குனிந்து பார்த்தோம். கோடு நட்டிலிருந்து குழலுக்கு முறியாமல் போயிற்று. அப்படியே சொன்னோம். “இன்னும் இருபது சுட்டுவிட்டு மறுபடி பாருங்கள்,” என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.